கை மரப்பும் ரோபோ கையுறையும்: வாசகர் கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கை மரத்துப்போவது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது, விரலைத் தானாக மடக்கி நீட்டும் ரோபோ கையுறையைப் பற்றி. கை அறுவை மருத்துவர் ஒருவரும் கை மறுவாழ்வுப் பிரிவின் இயன்முறை மருத்துவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு 46 வயசுங்க. தக்காளி பறிப்பு, ரெண்டு மாட்டுல பால் கறப்பு, தினமும் களி. ஆறு மாசமா ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கை மரத்துப்போய் எழுப்பிவிட்டுடுது. எழுந்து உதறினா சரியாகுது. டாக்டர் கார்பல் டனல்னு சொல்லிட்டாரு. பெங்களூர்ல இருக்கிற மகன் ஆன்லைன்ல ரோபோ கையுறை வாங்கித் தர்றேங்கிறான். வாங்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

மகனை இப்போதைக்கு ஆர்டர் போடவேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா. ஏன் என்பதற்கு உங்கள் மணிக்கட்டுக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு குறுகிய குகை இருக்கிறது. கார்பல் டனல் என்பது அதன் பெயர்தான். அடியிலும் இரு பக்கமும் எலும்பு. மேலே கூரைபோல ஒரு தடித்த நார்ப்பட்டை. எந்தப் பக்கமும் விரிந்துகொடுக்காது. அந்த இடுக்கில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், கூடவே மீடியன் என்கிற நரம்பும் ஓடுகின்றன. நாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் தடித்தாலும் நசுங்குவது நரம்புதான். இருப்பதில் மெத்தென்றது அது ஒன்றே. ஆரோக்கியமான கையில் குகைக்குள் அழுத்தம் பாதரச அளவில் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நேராக இருக்கும்போதே 30ஐ ஒட்டி நிற்கும். முழுதாக மடக்கினாலோ பின்னுக்கு வளைத்தாலோ 90ஐத் தாண்டிவிடும். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துக்கொள்கிறோம் அல்லவா, இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது அதுதான்.

இனி கையுறை. கைக்கான மறுவாழ்வு ரோபோக்கள் பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான மேனஸ் என்ற கருவி இதில் முன்னோடி. பின்னால் வந்த ஆஸ்திரியாவின் அமடியோ, இத்தாலியின் குளோரேஹா, ஹாங்காங்கின் ஹேண்ட் ஆஃப் ஹோப் எல்லாம் அதே குடும்பம். பக்கவாதத்தில் கையில் கோளாறு இருக்காது. மூளையிலிருந்து உத்தரவு வருவது நின்றிருக்கும். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்வித்து மூளையைப் பழக்க இயந்திரம் உதவுகிறது. உங்கள் மூளை உத்தரவைச் சரியாகவே அனுப்புகிறது. போர்வெல் மோட்டாருக்குப் போகும் கேபிள் கல்லுக்கடியில் நசுங்கிக் கிடந்தால், சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டு என்ன பயன்? கல்லை நகர்த்தவேண்டும்.

பயனில்லை என்பதோடு போகாது, கெடுதலும் உண்டு. ஆன்லைனில் சில ஆயிரங்களுக்குக் கிடைப்பது காற்றில் இயங்கும் கையுறை. ஒரு சின்னப் பெட்டிக்குள் பம்ப், அதிலிருந்து ஐந்து குழாய், ஒவ்வொரு விரலின் முதுகிலும் துருத்திபோல மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் குழல். காற்று ஏறினால் துருத்தி நீண்டு விரலை மடக்கும். காற்றை உறிஞ்சினால் சுருங்கி விரலை நிமிர்த்தும். மணிக்கட்டைப் பிடித்து வைக்க அதில் ஏற்பாடே கிடையாது. விரல் மடங்கும்போது மணிக்கட்டும் கூட மடங்கும். போதாததற்கு, கையுறை நழுவாமலிருக்க வைக்கும் பட்டை பல மாடல்களில் சரியாகக் குகையின் கூரைமேல்தான் இறுக்குகிறது. விரல் நுனி ஏற்கெனவே மரத்திருப்பதால் எங்கே அழுத்துகிறது என்பதும் தெரியாது.

நீங்கள் செய்யவேண்டியது, தூங்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தும் இரவுப் பட்டை. அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம். பகலில் களி, பால் இரண்டையும் கவனியுங்கள். களி கிண்டும் கோலின் பிடியில் பழைய துணியைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய பிடியை இறுக்கத்தான் அதிக பலம் வேண்டும். பானையைத் தரையில் வைத்து, கவட்டைக் குச்சியால் அழுத்திப் பிடிக்க இன்னொருவர் இருக்கட்டும். நீங்கள் இரண்டு கையாலும் கோலைப் பிடித்துத் தோளிலிருந்து கிண்டுங்கள், மணிக்கட்டு முறுக்கவே கூடாது. பால் கறக்கையில் கட்டைவிரலை மடக்கிக் காம்பை அதன் முட்டியால் அழுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முழுக் கையால் பிடித்துக் கறங்கள், இரண்டாவது மாட்டை வேறு யாராவது கறக்கட்டும்.

மெடிக்கலில் மணிக்கட்டுப் பட்டை வாங்கி ரெண்டு வாரம் போட்டேன். முன்னைவிட மரப்பு கூடிவிட்டது. பட்டையே தப்பா, நான் போட்டது தப்பா?
– வாசகர், அரூர்

பட்டைக்குள் இருக்கும் தகடுதான் தப்பு, பெரும்பாலும். கடையில் விற்பவற்றில் உள்ளங்கைப் பக்கம் ஓர் அலுமினியத் தகடு இருக்கும். அது மணிக்கட்டைப் பின்னோக்கி 20, 30 டிகிரி தூக்கிப் பிடிக்கும்படி வளைத்தே வருகிறது. எலும்பு முறிவுக்கு அது சரி. கார்பல் டனலுக்கு மணிக்கட்டு நேர்கோட்டில் நிற்கவேண்டும்.

தையலில் விட்டிருக்கும் வாய் வழியாகத் தகட்டை உருவுங்கள். சமதரையில் வைத்துக் கையாலேயே அழுத்தி நேராக்குங்கள். 5 டிகிரி மிச்சமிருந்தால் பாதகமில்லை. திரும்பச் சொருகி மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் முட்டிவரை ஒரு ஸ்கேல் வைத்தாற்போல் இருக்கவேண்டும். பட்டையின் மேல்விளிம்பு உள்ளங்கையின் குறுக்கு ரேகைகளுக்குக் கீழேயே முடியட்டும், அப்போதுதான் விரல்கள் தடையில்லாமல் மடங்கும். ஒட்டுப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையவேண்டும். நடுவில் உள்ள ஒட்டுப்பட்டை மணிக்கட்டு ரேகையின் மேலேயே விழுந்தால் அதை மட்டும் இன்னும் தளர்த்துங்கள். வியர்வைக்குப் பழைய பனியன் துணியைக் குழல்போலத் தைத்து உள்ளே போடலாம்.

தினமும் இரவு முழுக்க, விடாமல் ஆறு வாரம். நாலாம் நாளே பலனில்லை என்று கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம். பகலில் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தால் கை பலவீனப்படும். கனமான வேலையின்போது மட்டும் போதும்.

எனக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் மரத்துப்போகிறது. ராத்திரி தொந்தரவு இல்லை. இதுவும் கார்பல் டனலா?
– வாசகர், பென்னாகரம்

இல்லை. மீடியன் நரம்பு உணர்வு கொடுப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்குத்தான். சுண்டுவிரல் அல்நார் என்ற வேறொரு நரம்பின் எல்லை. அது முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அந்த இடத்தில் அழுந்தும்.

சுண்டுவிரல் மரப்பில் இன்னொன்றையும் பார்க்காமல் விடக்கூடாது. தொழுநோய் கையில் அதிகம் தாக்குவது இந்த அல்நார் நரம்பைத்தான். உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமல், முழங்கை உள்பக்கத்தில் கயிறுபோலத் தடித்த நரம்பு இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும். வெட்கப்பட்டு மறைத்து, விரல் மடங்கிப்போன பிறகு வருவதுதான் கொடுமை.

கார்பல் டனல் என்று சந்தேகப்படுபவர்கள் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை மடக்கி 60 நொடி வைத்திருங்கள். முதல் மூன்று விரல்களில் எறும்பு ஊறினால் சந்தேகம் வலுக்கிறது. உறுதி செய்வது நரம்பு மின்கடத்தல் பரிசோதனை. அதோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிட வேண்டும். இரண்டுமே குகைக்குள் இடத்தைக் குறைக்கும். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்தினாலும் கை மரக்கும். அப்போது கழுத்தைத் திருப்பினால் வலி தோளிலிருந்து இறங்கும்.

மாங்கூழ் ஆலையில் பத்து சீசன் வேலை பார்த்த என் மனைவிக்கு (52) வலது கட்டைவிரல் அடியில் சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது. மூணு வாரம் முன்னாடி ஆபரேஷன் ஆச்சு. ராத்திரி வலி அன்னைக்கே போயிடுச்சு, ஆனா சட்டை பட்டன் போட முடியலை. ரோபோ சிகிச்சை எடுத்தா சதை திரும்ப வருமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

அறுவையில் நார்ப்பட்டையைப் பிளந்துவிட்டதால் அழுத்தம் அன்றே இறங்கிவிட்டது, இரவு வலியும் போய்விட்டது. சதை வேறு கதை. நசுங்கி அறுந்த நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் அடிச்சதைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒட்டி, தசை மறுபடி வேலை கற்கச் சில மாதமாகும்; முற்றிய கேஸில் ஒரு வருடம்கூட ஆகலாம். அதை வேகப்படுத்த எந்த ரோபோவாலும் முடியாது. குழி ரொம்ப நாளையதென்றால் முழுதாக நிரம்பாமலும் போகலாம்.

காத்திருக்கும் அந்த மாதங்களில் மூட்டு இறுகாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு சுருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. உள்ளங்கை மேலே பார்க்கக் கையை மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். வராவிட்டால் இடது கையால் தூக்கிவிட்டு, அங்கேயே நிறுத்திவைக்க முயலட்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. பிறகு ஒவ்வொரு விரல் நுனியையும் கட்டைவிரல் நுனியால் தொடுவது. காற்றுக் கையுறையைவிட இது மேல், ஏனென்றால் அந்தக் கையுறைகள் கட்டைவிரலை உள்பக்கம் மடக்குமே தவிர எதிரே தூக்காது. மீடியன் நரம்பு கெட்டால் போவதே அந்த எதிரே தூக்கும் அசைவுதான்.

தையல் பிரித்துத் தழும்பு காய்ந்திருந்தால் தேங்காயெண்ணெய் தொட்டு, வட்டமாக அழுத்தித் தேய்க்கலாம். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. தொட்டாலே கூசுகிறது என்றால் ஒரு கிண்ணம் ராகியில் கையை விட்டுப் புரட்டச் சொல்லுங்கள். அது பழகியதும் கொள்ளு, அப்புறம் புளியங்கொட்டை. நம் வீட்டில் இல்லாததா என்ன! உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றினால் அதன் இரு பக்கமும் வலிப்பது பலருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை இருக்கும். அறுவை கெட்டுப்போனதாக நினைத்துவிட வேண்டாம். ஆனால் கை முழுக்க வீங்கி, தோல் பளபளத்து, எரிச்சலில் தொடவே விடவில்லை என்றால் நாள் தள்ளாமல் அறுவை செய்தவரிடம் காட்டுங்கள்.

கனமாகப் பிழிவது, தூக்குவதெல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு, மெதுவாக. ஒரு வருடம் கழித்தும் கட்டைவிரல் எதிரே வரவில்லையென்றால் வேலை செய்யும் வேறொரு தசைநாணை எடுத்து அங்கே மாற்றிக் கட்டும் அறுவை உண்டு. தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கு 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் தொடங்கிவைத்ததும் இதே வகை நாண் மாற்றுத்தான்.

கிருஷ்ணகிரியில் சிறிய பிசியோதெரபி மையம் நடத்துகிறோம். காற்றுக் கையுறை ஒன்று வாங்கியிருக்கிறோம். கார்பல் டனல் அறுவை முடிந்து வருகிறவர்களுக்கு எந்த செட்டிங்கில், எவ்வளவு நேரம் கொடுப்பது? இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் பக்கவாதம் பற்றி மட்டுமே இருக்கிறது.
– வாசகர், கிருஷ்ணகிரி

முதலில் யாருக்கு வேண்டாம் என்பதைத் தீர்மானியுங்கள். அறுவை ஆன பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம் நாளே விரல்கள் தாமாக முழுதாக மடங்கும். அவர்களுக்கு இயந்திரம் கொடுப்பது பில் போடத்தான் உதவும். வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்து விரல் இறுகிப்போனவர்கள், பக்கவாதமும் கார்பல் டனலும் சேர்ந்தவர்கள், நீண்ட நாள் கைக்குக் கட்டுப் போட்டிருந்தவர்கள்: இவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம். தையல் பிரித்து, காயம் மூடி உலர்ந்திருக்கவேண்டும். தையல் 10–14 நாளில் பிரிப்பதால், மூன்றாம் வாரத்துக்கு முன் தொடங்கவேண்டாம்.

அளவைச் சரிபாருங்கள். துருத்தியின் மடிப்புகள் விரல் முட்டிகளின் நேர்மேலே விழவேண்டும். கையுறை பெரிதாக இருந்தால் துருத்தி பக்கவாட்டில் சரிந்து விரலை முறுக்கும். சிறிதாக இருந்தால் நுனித் தொப்பி நகத்தைக் குத்தும். முன்கையை மேசைமேல் முழுதாக ஊன்றி, மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து நேராக நிறுத்துங்கள். நிற்காவிட்டால், நேராக்கிய தகட்டுப் பட்டையைக் கையுறைக்கு அடியில் கட்டிவிடுங்கள். கையுறையின் பட்டை மணிக்கட்டு ரேகையில் வேண்டாம். முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தூரம் ஏற்றிக் கட்டுங்கள். குழாய்க் கற்றையை முழங்கைக்குக் கீழே ஒரு ஒட்டுப்பட்டையால் பிடித்துவைத்தால்தான் அதன் எடை மணிக்கட்டை இழுக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பாதி நேரத்தில் மணிக்கட்டு தொங்கிப்போயிருக்கும்.

பம்பின் பலம் மிகக் குறைந்த படியில். முதல் இரண்டு வாரம் முழு முஷ்டி வேண்டாம், பாதி மடக்கு போதும். உள்ளங்கையில் லம்ப்ரிகல் என்ற சிறு தசைகள் விரல் நாண்களிலிருந்தே புறப்படுகின்றன. முஷ்டி இறுகும்போது நாண்களோடு சேர்ந்து அவையும் குகைக்குள் இழுபட்டுப் போகும். வீக்கம் வடியாத குகையில் அது கூடுதல் கூட்டம். ஒரு தடவை மடங்கி நிமிர பத்து நொடி ஆகட்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், அதாவது முப்பது சுற்று. தாங்கினால் ஒரு வாரத்தில் பதினைந்து நிமிடம்வரை போகலாம்.

இயந்திரமே எல்லாம் செய்யும் முறையில் வைத்துவிட்டு நோயாளியைக் கைப்பேசி பார்க்க விடாதீர்கள். அந்த முறையில் மூட்டு அசையும், தசைக்கு வேலையில்லை. இரண்டு மூன்று அமர்வில் பழகியதும், நோயாளி தொடங்கிவைத்தால் இயந்திரம் தொடரும் முறைக்கு மாறுங்கள். உங்களுடையதில் மறு கையில் மாட்டும் உணரி இருந்தால் அதையாவது பயன்படுத்துங்கள். தசையின் மின்னோட்டத்தை உணர்ந்து இயங்கும் விலையுயர்ந்த கருவிகள் இதைச் சரியாகச் செய்கின்றன. விரல் நுனிகளைக் காந்தத்தால் பிடித்து இயங்கும் அமடியோ, மணிக்கட்டைக் கட்டி நிறுத்தி, விரலின் பலத்தையும் அசைவையும் அளந்தும் காட்டும். காற்றுக் கையுறையில் அந்த அளவு கிடையாது. ஆகவே அளப்பது உங்கள் பொறுப்பு: பிடிபலமானி, கிள்ளுபலமானி, உணர்வுக்கு நைலான் இழை, கூடவே கார்பல் டனலுக்கென்றே உள்ள பாஸ்டன் வினாத்தாள். அதில் தொந்தரவு பற்றி 11, வேலைத்திறன் பற்றி 8 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். தொடங்கும் முன், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று எழுதிவையுங்கள். அறுவைக்குப் பின் பிடிபலம் முதல் சில வாரம் முன்னிருந்ததைவிடக் குறைந்து, மூன்று மாதத்தை ஒட்டித்தான் பழைய நிலைக்கு வரும். முதல் நாளே சொல்லிவைத்தால் பிறகு சண்டை வராது.

நடுவில் மரப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள். முடிந்து அரை மணிக்குப் பிறகும் எறும்பு ஊறிக்கொண்டிருந்தால் அடுத்த நாள் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் விரல் நுனியை நீங்களே பாருங்கள். மரத்த விரல் சொல்லாது. இருபது நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அளவு தவறு. ஒரே கையுறையைப் பலருக்கு மாட்டுவதால் உள்ளே ஆளுக்கொரு பருத்திக் கையுறை கட்டாயம்.

ஓசூர் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறேன். பிடிக்கப் பலம் கொடுக்கும் ரோபோ கையுறை வரப்போவதாகப் பேச்சு. எனக்குக் கார்பல் டனல் ஆரம்பம். அதைப் போட்டால் வேலையை விடாமல் தொடரலாமா?
– வாசகர், ஓசூர்

அது மறுவாழ்வுக் கையுறையிலிருந்து வேறு வகை. நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 2012இல் காட்டிய ரோபோ-குளோவ் இதன் ஒரு மூலம். 2016இல் அந்தத் தொழில்நுட்ப உரிமத்தை ஸ்வீடனின் பயோசர்வோ வாங்கியது. விரல் நுனி உணரி நீங்கள் பிடிப்பதை உணரும், மோட்டார் ஒன்று கையுறைக்குள் ஓடும் செயற்கை நாண்களை இழுத்து உங்களோடு சேர்ந்து பிடிக்கும். உங்கள் தசை குறைந்த பலம் போட்டால் போதும். குகை வழியாக ஓடும் நாண்களின் இழுவிசை குறைவதால் தத்துவ அளவில் நல்லதுதான்.

ஆனால் மணிக்கட்டை மடக்கிக்கொண்டே ஸ்குரூ முடுக்கினால் கையுறை காப்பாற்றாது. அதிரும் கருவியின் அதிர்வையும் அது தடுக்காது. முதலில் மேலாளரிடம் கேட்கவேண்டியவை மலிவானவை: கைப்பிடி துப்பாக்கி வடிவமா நேர்வடிவமா என்பதை வேலை நிற்கும் உயரத்துக்கு ஏற்ப மாற்றுவது, முடுக்கும்போது கருவி உங்கள் கையைத் திருகாமல் அந்த எதிரடியைத் தாங்கும் தாங்கி ஒன்றைப் பொருத்துவது, இரண்டு மணிக்கொருமுறை இடம் மாறுவது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, வேலையின் விவரத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கிரானைட் குவாரியில் ஜாக்ஹாம்மர் பிடிப்பவர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு விரல் மரப்போடு குளிரில் விரல் வெளுத்துப்போகிறதா என்று பாருங்கள். வெளுத்தால் ரத்தக்குழாயும் கெட்டிருக்கிறது என்று பொருள். பட்டையும் கையுறையும் பிறகு. அந்த இயந்திரத்தை விட்டு விலகுவதுதான் முதல் சிகிச்சை. பீடியையும் நிறுத்தவேண்டும்.

சில சின்னக் கேள்விகள்

*ஏழு மாத கர்ப்பம், இரண்டு கையும் மரக்கிறது (ஊத்தங்கரை):* உடம்பில் நீர் கோப்பதால் வருவது. இரவுப் பட்டை மட்டும் போதும், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் வடிந்துவிடும்.

*மணிக்கட்டில் ஊசி போடலாமா (காரிமங்கலம்):* போடலாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் முதல் சில மாதம்வரை நிம்மதி தரும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். கட்டைவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கியவர்கள் ஊசியை நம்பி அறுவையைத் தள்ளிப்போடக்கூடாது.

*எண்ணெய்க் கட்டு (பாப்பிரெட்டிப்பட்டி):* எண்ணெய் தடவுவதில் தப்பில்லை. இறுக்கிக் கட்டுவது குகையை இன்னும் நெருக்கும்.

*மணிக்கட்டை இழுத்துவிடும் இயந்திரம் உண்டாமே (தேன்கனிக்கோட்டை):* உண்டு. நெதர்லாந்தில் வாரம் இரண்டு முறை, ஆறு வாரம் இயந்திரத்தால் இழுத்துச் சோதித்திருக்கிறார்கள். அப்படிச் செய்தவர்களில் அடுத்த ஆறு மாதத்தில் அறுவைக்குப் போனவர்கள் குறைவு. ரோபோ கையுறையைவிட இந்த நோயின் காரணத்துக்கு நெருக்கமான கருவி இதுதான். அதற்காகக் கயிறு கட்டி வீட்டில் இழுத்துப் பார்க்கவேண்டாம்.

*எந்தப் பயிற்சி (நல்லம்பள்ளி):* விரல்களை ஐந்து நிலையில் மாற்றுவது. நேராக; கொக்கிபோல; முழு முஷ்டி; அடிமுட்டியில் மட்டும் மடக்கி மேசைபோல; விரல் நுனி நேராக உள்ளங்கையைத் தொட. ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி, ஐந்து சுற்று, மூன்று வேளை. முஷ்டியை இறுக்கவேண்டாம், சும்மா மடக்கினால் போதும்.

இதற்கெல்லாம் எங்கே போவது? வாரம் மூணு நாள் பெங்களூர் போய்வர என்னால் ஆகாது.
– வாசகி, சூளகிரி

போகத் தேவையில்லை. பட்டை, பயிற்சி, தழும்புத் தேய்ப்பு எதற்கும் பெரிய ஊர் வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டில் ஒன்றில் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். நரம்பு மின்கடத்தல் பரிசோதனை எந்தக் கிழமை என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் இரண்டு முறை அலையவேண்டாம். சதை வற்றிய, சிக்கலான கைகளுக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவும் வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன.

நடக்க முடியாதவர்கள், பக்கவாதமும் சேர்ந்து படுக்கையில் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவரை வரவழைக்கலாம். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயர் கொடுங்கள். சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறாரே, அவரேதான். வருகிறவரிடம் பட்டையின் தகட்டைக் காட்டி, நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.